தோட்டாவின் உதையும் வலுவும்: புதிதாகத் துப்பாக்கி பிடிப்போருக்கு

போன மாதம் சுங்கை சிப்புட் டவுனில், பசாருக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க் கடையில் என் அக்கா மகன் எதிரே வந்து உட்கார்ந்தான். காலரை விலக்கி வலது தோளைக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. நடுவில் கத்தரிக்காய் நிறம், ஓரத்தில் மஞ்சள். செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தபின் அவனுக்கு அதுதான் முதல் சுடும் பயிற்சி. சுட்டதே ஐந்து வெடிதான்.

"மாமா, 12 போரே இந்த உதை உதைக்குதே, ராணுவத்துல ரைபிளை எப்படித் தாங்குனீங்க?"

நாங்கள் சுமந்த, 5.56 மி.மீ. தோட்டா போடும் ரைபிளின் உதை, அவன் தோளைக் கன்ற வைத்த அந்தப் பழைய 12 போர் ரவைத் துப்பாக்கியின் உதையில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும் என்றேன். நம்பவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. பெரிய தோட்டா என்றால் பெரிய உதை, பெரிய உதை என்றால் பெரிய வலு என்று ஒரே கோட்டில் வைத்துவிடுகிறார்கள். பாதுகாவல் வேலைக்கோ, ரேலா தொண்டர் படைக்கோ, போலீஸ், ராணுவத்துக்கோ, விளையாட்டுச் சுடுதலுக்கோ போகிற பிள்ளைகள் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பயத்தோடு சுடப் பழகுவார்கள். பயத்தோடு சுடுகிறவன் கையில் எந்தத் தோட்டாவும் ஆபத்துதான்.

முதலில் சட்டம்

எந்தத் தோட்டா நல்லது என்று பேசுமுன் இதை முடித்துவிடுவோம். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தோட்டா வைத்திருப்பதும் குற்றம். ஒரே ஒரு தோட்டாவானாலும் அப்படித்தான். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பன்றி சுட வேண்டுமென்றால் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானிடம் தனி லைசென்ஸ் வேண்டும். கையில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதே என்று காட்டுக்குள் இறங்கிவிட முடியாது.

எங்கள் ஊருக்கென்றே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16இல் இங்கேதான் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை ஒட்டித்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு நீடித்த அந்தக் காலத்துப் பித்தளைத் தோட்டா, மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போது எப்போதாவது தலைகாட்டலாம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஞாபகத்துக்கென்று சட்டைப் பையில் போடாதீர்கள். தொடாமல் இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

பெயரை நம்பாதீர்கள்

தோட்டா என்பது நான்கு உறுப்பு சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டுமே. பெயரில் இருக்கும் எண் பெரும்பாலும் அந்தக் குண்டின் விட்டத்தை ஒட்டியது. .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. 9 மி.மீ. என்றால் ஒன்பது மில்லிமீட்டர்.

ஒட்டியது என்றுதான் சொன்னேன். .38 ஸ்பெஷலின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான். பழைய தோட்டாக்களின் கூட்டு அளவில் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. .303 ரைபிள் தோட்டாவின் குண்டை அளந்து பார்த்தால் .311 வரும். 12 போர் (போர் என்றால் குழலின் துளை) கணக்கோ முற்றிலும் வேறு: குழலுக்குள் சரியாக நுழையும் ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால் எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே போகும்; 20 போர், 12 போரைவிடச் சின்னது. இது வெறும் கணக்கு விஷயமில்லை. 20 போர்த் தோட்டாவைத் தவறுதலாக 12 போரில் போட்டால் அது வழுக்கிக் குழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கி காலியென்று நினைத்து அதன் பின்னால் 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். இரண்டு அளவுத் தோட்டாவை ஒரே பையில் போடவே கூடாது.

விட்டம் எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டு. விளையாட்டுக்குப் பயன்படும் .22 எல்ஆர் குண்டும், ராணுவத்தின் 5.56 குண்டும் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றே, 5.7 மி.மீ. இரண்டையும் விரலில் உருட்டினால் அகலத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் .22 குண்டு இரண்டரை கிராம் சொச்சம், நொடிக்கு 330 மீட்டர் வேகம், சுமார் 140 ஜூல் ஆற்றல். 5.56 குண்டு 4 கிராம், நொடிக்கு 900 மீட்டருக்கு மேல், ஆற்றல் 1,700 ஜூல். பன்னிரண்டு மடங்கு! எல்லாம் பின்னால் இருக்கும் மருந்தும் அது தரும் வேகமும் செய்கிற வேலை.

உதையைக் கணக்குப் போடுங்கள்

படகில் நின்று கரைக்குக் குதித்தால் படகு பின்னால் போகும். துப்பாக்கி உதைப்பதும் அதுவேதான். முன்னால் போகும் குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்குங்கள். கூடவே சீறிப் போகும் மருந்துப் புகையின் எடையையும் வேகத்தையும் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே அளவுத் தள்ளல் உங்கள் பக்கமும் வரும். அந்தத் தள்ளலைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி எந்த வேகத்தில் உங்கள் தோளை நோக்கி வருகிறது என்று தெரிந்துவிடும். அந்த வேகத்தையும் துப்பாக்கியின் எடையையும் வைத்து உதையின் ஆற்றலை ஜூலில் சொல்லலாம். துப்பாக்கி கனமென்றால் மெதுவாக வரும். லேசானதென்றால் சுளீரென்று வரும்.

நடைமுறை எடைகளை வைத்து நான் போட்ட கணக்கு இது. தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். மூன்று கிலோ .22 ரைபிளின் உதை கால் ஜூல்கூட வராது. 850 கிராம் 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு ஐந்தரை ஜூல். ஒரு கிலோவுக்குச் சற்று மேலான .45 ஏசிபி கைத்துப்பாக்கிக்கு ஏழு ஜூல். மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான 5.56 ரைபிளுக்கு ஐந்து ஜூல். நாலேகால் கிலோ 7.62×51 ரைபிளுக்கு பதினைந்து. .44 மேக்னம் ரிவால்வர் இருபதை நெருங்கும், அதுவும் தோளில் இல்லை, வெறும் மணிக்கட்டில். கடைசியாக 12 போர்: 32 கிராம் ஈய ரவையை, அதாவது சிறு ஈய உருண்டைகளை, நொடிக்கு 400 மீட்டரில் தள்ளும் மூன்றேகால் கிலோத் துப்பாக்கிக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்து ஜூல்.

ஆக, மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் மடக்குத் துப்பாக்கி, நம் தோட்டங்களில் எல்லாரும் பார்த்திருக்கும் அந்தச் சாதாரணத் துப்பாக்கிதான், இந்த வரிசையிலேயே பெரிய உதைகாரன். முதல் பாடத்தையே அதில் தொடங்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்காது.

துப்பாக்கியின் எடை எவ்வளவு பேசும் என்பதற்கு .38 ஸ்பெஷலைப் பாருங்கள். 900 கிராம் இரும்பு ரிவால்வரில் அதன் உதை மூன்றரை ஜூல், குழந்தைச் சாமான்போல. அதே தோட்டாவை 450 கிராம் சட்டைப்பை ரிவால்வரில் போட்டால் உதை இரட்டிப்பாகி ஏழு ஜூல் ஆகிவிடும், பெரிய .45க்குச் சமமாக. சின்னத் துப்பாக்கிதானே, புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழகுவதற்கு அதுதான் கஷ்டமானது.

என் தாத்தா அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு எடுக்கப்பட்டவர். மலாயாக் காடுகளில் பெயர் பெற்ற, குட்டையான லீ-என்ஃபீல்டு 5ஆம் எண் ரைபிளைக் கையில் எடுத்தவர். அதைப்பற்றிப் பேச்சு வந்தாலே வலது தோளைத் தடவிக்கொள்வார். "கழுதை உதைச்சா பரவாயில்லடா, ஒரு தடவைதான் உதைக்கும்" என்பார். அவர் மிகைப்படுத்தவில்லை. நீளமான 4ஆம் எண் ரைபிள் நாலு கிலோவுக்கு மேல். காட்டில் சுமக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று இரும்பையும் மரத்தையும் செதுக்கி, 5ஆம் எண்ணை 3.2 கிலோ ஆக்கினார்கள். தோட்டா மட்டும் அதே .303. உதை பதினாறு ஜூலிலிருந்து இருபதுக்கு ஏறிவிட்டது. பின்கட்டையில் ரப்பர் வைத்தார்கள். அதையும் ஒடுக்கமாக வைத்ததால் மொத்த உதையும் தோளில் ஒரு சின்ன இடத்தில் இறங்கியது. நாளாக நாளாக ரப்பரும் காய்ந்து கல்லாகிவிடும். பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பத்துக்கு ரப்பர் காய்ந்தால் என்னாகும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

தோள் வாங்கும் உதை வேறு

தாளில் வரும் எண் ஒன்று, உடம்பு உணர்வது இன்னொன்று. 5.56 ரைபிளிலும் பல 12 போர்த் துப்பாக்கிகளிலும், வெடித்த புகையே உள்ளே இயந்திரத்தைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. உதை கொஞ்சம் நீண்டு பரவுவதால் தள்ளுவதுபோல் இருக்கும், அடிப்பதுபோல் இருக்காது. பாத்தா துப்பாக்கியில் அந்த இரக்கம் கிடையாது.

பின்கட்டையைக் கழுத்தெலும்புக்கும் கைப்பொருத்துக்கும் நடுவில் இருக்கும் சதைக் குழியில் அழுத்தி வையுங்கள். அக்கா மகனின் காயத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பயத்தில் கட்டையைத் தோளிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்திருக்கிறான். இடைவெளி விட்டால் துப்பாக்கி ஓடிவந்து இடிக்கும். ஒட்டி வைத்தால் உங்கள் உடம்பும் துப்பாக்கியின் எடையோடு சேர்ந்துகொள்ளும். கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள், இடுப்பை வளைக்காமல் உடம்பை லேசாக முன்னால் சாயுங்கள். கைத்துப்பாக்கியென்றால் பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள். குழல் கைக்கு மேலே எழும்ப எழும்ப, சுடும்போது வாய் வானத்தைப் பார்த்துத் துள்ளும்.

காதை மறக்காதீர்கள். 140 டெசிபலுக்கு மேலான ஒரே வெடிச்சத்தம் காதைக் கெடுத்துவிடும். 12 போரும் ரைபிளும் 150ஐத் தாண்டும். உதையைக் கண்டு பயப்படுகிறோம் என்று நினைக்கும் பலர் உண்மையில் சத்தத்தைக் கண்டுதான் நடுங்குகிறார்கள். காதடைப்பின்மேல் காதுமூடியும் போட்டுப் பாருங்கள். பாதி உதை காணாமல் போய்விடும்.

வீழ்த்தும் வலு என்றால் என்ன

சினிமாவில் குண்டு பட்டவர் பறந்துபோய்ச் சுவரில் மோதுவார். அது நடக்கவே நடக்காது. முன்பு போட்ட கணக்கையே திருப்பிப் போடுங்கள்: உங்கள் தோளுக்கு வந்த தள்ளலைவிடப் பெரிய தள்ளல் எதிரே இருப்பதற்குப் போய்ச்சேர முடியாது. 12 போரின் எல்லா ரவையும் 60 கிலோப் பன்றிமேல் பட்டாலும், அது பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர். தவழும் பிள்ளைகூட அதைவிட வேகமாகப் போகும். குண்டு எதையும் தள்ளி வீழ்த்துவதில்லை. துளைத்து, இதயத்தையோ நுரையீரலையோ மூளைத் தண்டையோ தொட்டால்தான் வீழ்த்துகிறது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. எங்கே பட்டது? எவ்வளவு ஆழம் போனது? விட்டமெல்லாம் அதற்கப்புறம்.

இந்த வாதம் நூறு வருடப் பழசு. பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களை எதிர்த்த அமெரிக்கப் படை, .38 ரிவால்வர் போதவில்லை என்று முறையிட்டது. 1904இல் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடத்து மாடுகளைச் சுட்டுப் பார்த்து, கைத்துப்பாக்கி .45க்குக் குறையக்கூடாது என்றார்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையில் நடந்த சோதனை அது. ஆனாலும் .45 ஏசிபி அந்த வழியில்தான் பிறந்தது. 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்கள். கொள்ளையன் ஒருவனுக்குள் போன 9 மி.மீ. குண்டு இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டிருந்தது. அதன்பின் எஃப்பிஐ ஆழத்தை அளக்கத் தொடங்கியது. சதையை ஒத்த ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 45 சென்டிமீட்டர் போக வேண்டும் என்று வரையறுத்தது. பெரிய தோட்டா தேடி 10 மி.மீ.க்கும், பிறகு 1990இல் வந்த .40க்கும் போனது. சுமார் இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் 9 மி.மீ.க்கே திரும்பி வந்தது. குண்டின் தயாரிப்பு மேம்பட்டிருந்தது ஒரு காரணம். குறைந்த உதையில் அதிகாரிகள் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது காரணத்தைத்தான் நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கைத்துப்பாக்கிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. 9 மி.மீ.யும் .45ம் குழலைவிட்டுப் போகும்போது இரண்டும் ஏறக்குறைய 500 ஜூல்தான். .38 ஸ்பெஷல் முந்நூறைத் தொடும், 1935இல் வந்த .357 மேக்னம் எழுநூறைத் தாண்டும். ஆனால் ரைபிள் வேறு சாதி. ஏகே-47இன் 7.62×39க்கு இரண்டாயிரம் ஜூல், .303க்கும் 7.62×51க்கும் மூவாயிரத்துக்கு மேல். நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் போகும் குண்டு, துளையோடு நிற்காமல் சுற்றியுள்ள சதையையும் விரித்துக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் தான் போன வழியை மட்டுமே சேதப்படுத்தும். கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் நடுவில் உள்ள உண்மையான கோடு இதுதான்.

பன்றிக்கு வருவோம். இளஞ்செம்பனையின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்றால் கன்று போய்விடும். அந்த வருத்தம் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன், உரிமம் உள்ள ஒருவரோடு கூடப் போனேன். ஆண் பன்றி, அந்தி நேரம். அவர் பறவைக்குப் போடும் பொடி ரவையைப் போட்டிருந்தார், தூரமும் அதிகம். வெடித்தது, பன்றி உறுமிக்கொண்டு ஓடியது. வெட்டிப் போட்ட மட்டை அடுக்குகளுக்கு நடுவில் டார்ச் அடித்துக்கொண்டு ரத்தத் துளிகளைத் தேடி நடந்தோம். மறுநாள் காலையில்தான் வடிகாலோரம் கிடந்தது, அப்போதும் மூச்சு இருந்தது. ஆண் பன்றியின் தோளில் தோலுக்கடியில் குருத்தெலும்பு போன்ற தடித்த கவசம் உண்டு. பொடி ரவை அதிலேயே நின்றிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு, "பட்டால் போதும்" என்ற பேச்சை நான் யாரிடமும் பொறுத்துக்கொள்வதில்லை. பன்றிக்கு எஸ்ஜி போன்ற பெரிய ரவை, 30 மீட்டருக்குள், பக்கவாட்டில் நிற்கும்போது முன்கால் மடிப்பை ஒட்டி. அப்படி அமையவில்லையென்றால் சுடாமல் வீட்டுக்குத் திரும்புங்கள்.

ரைபிள் அவ்வளவு வலுவென்றால் தோட்டத்துக்கு அதையே கொடுக்கலாமே என்று கேட்பார்கள். ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். சின்ன .22கூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டத்திலிருந்தும் அந்தத் தூரத்துக்குள் ஒரு லயமோ, கோயிலோ, பள்ளிக்கூடமோ இருக்கும். ரவையின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும். எதிரே மண்மேடு இல்லாமல் எதையும் சுடாதீர்கள்.

பழகும் முறை

முடிந்தால் காற்றுத் துப்பாக்கியிலோ .22இலோ தொடங்குங்கள். உதையே இல்லாத அந்த 4.5 மி.மீ. காற்று ரைபிளோடுதான் நம் நூர் சூர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில், எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். பெண்பிள்ளைகளை யோசிக்காமல் அனுப்புங்கள். சில நூறு தோட்டா .22இல் போனபிறகு 9 மி.மீ. அல்லது .38, அதுவும் கனமான துப்பாக்கியில். 12 போர் கடைசியில், லேசான தோட்டாவோடு, ஒரு நாளைக்குப் பத்து வெடிக்குமேல் வேண்டாம்.

பயம் ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுடுதளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத பொய்த்தோட்டாவைக் கலந்து அவரே ஏற்றித் தரட்டும். எது வருமென்று உங்களுக்குத் தெரியக்கூடாது. பொய்த்தோட்டா வரும்போது விசையை இழுத்தால் 'க்ளிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் துப்பாக்கியின் வாய் கீழே குனிந்தால், வராத உதைக்கு நீங்கள் முன்கூட்டியே பயந்துவிட்டீர்கள். குண்டு தாழ்வாகப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அக்கா மகனுக்கு அடுத்த பயிற்சி வந்தது. தடுப்புக்குப் பின்னால் இருக்க அனுமதி கேட்டு நானும் போய் உட்கார்ந்தேன். லேசான தோட்டா கொடுக்கச் சொன்னோம், இரட்டைக் காதுமூடி, கட்டை தோளோடு ஒட்டி. முதல் பொய்த்தோட்டாவுக்குக் குழல் ஒரு சாண் குனிந்தது. பயிற்றுநர் சிரிக்காமல் அடுத்ததை ஏற்றினார். இரண்டாவதுக்கு நான்கு விரல். நான்காவது பொய்த்தோட்டாவுக்கு 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. குழல் அசையவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான், பிறகு பயிற்றுநர் சொன்னபடி குழலைத் தரைக்குத் தாழ்த்தி, மடக்கைத் திறந்து, இரண்டு அறையும் காலி என்று விரலை விட்டுப் பார்த்தான்.